மதப்பிடி தளரும் ஜனநாயகங்களில் மதமும் அரசியலும்: முனைவர் பட்ட ஆய்வாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 78.3 சதவீதம் பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்று பதிவு செய்தார்கள். இரண்டே ஆண்டில், 2018 மே மாதம், கருக்கலைப்பைத் தடுத்துவைத்திருந்த அரசியல் சாசனப் பிரிவை நீக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. நீக்கலாம் என்றவர்கள் 66.4 சதவீதம். அந்தத் தடையைச் சாசனத்துக்குள் கொண்டுவந்ததும் 1983-இல் நடந்த ஒரு பொதுவாக்கெடுப்புதான். அன்றைக்கு அதை ஆதரித்தவர்கள் 66.9 சதவீதம்.

ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்தோலிக்கர் அல்லாத 21.7 சதவீதமும் ஒருவர் விடாமல் 'ஆம்' என்று வாக்களித்ததாகவே வைத்துக்கொள்வோம். 66.4-ஐ எட்ட இன்னும் 44.7 வேண்டும். அது 78.3-இல் ஏறத்தாழ 57 சதவீதம். இந்தக் கணக்குப்படி, கத்தோலிக்கர் என்று எழுதிக்கொண்டவர்களில் பாதிக்கு மேல் தங்கள் ஆயர்கள் சொன்னதற்கு எதிராக வாக்களித்திருக்கிறார்கள். ஆனால் கணக்கெடுப்பில் குழந்தைகள் இருக்கிறார்கள், வாக்குரிமை இல்லாத வெளிநாட்டவர் இருக்கிறார்கள். வாக்களிக்க வந்தவர்களோ 64 சதவீதம்தான். வந்தவர்களில் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று தெரியாமல் இதை முடிவாக எழுத முடியாது. அதைத் தேடிப் போகும்போதே உங்கள் முதல் மாத வேலை முளைத்துவிடும்.

மதம் தேய்ந்துவரும் ஜனநாயக நாடுகளில் மதத்துக்கும் அரசியலுக்கும் என்ன உறவு என்று முனைவர் பட்ட ஆய்வு செய்யப் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசியல் அறிவியல், சமூகவியல் இரண்டு துறைகளுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுகளுக்கு அயர்லாந்தையும் நெதர்லாந்தையும் கூடவே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதை 'மதம்' என்று அளக்கப் போகிறீர்கள்?

இந்தியாவில் படித்துவிட்டு இந்தத் தலைப்புக்குள் வருகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்கு இந்த விவாதம் என்றாலே அரசு மதங்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் நினைவுக்கு வரும். அரசு மதத்திலிருந்து விலகி நிற்பது ஒன்று. மக்களிடையே மதம் தேய்வது வேறொன்று. இங்கிலாந்தில் இன்றும் மன்னர்தான் ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைவர், 26 ஆயர்கள் பிரபுக்கள் சபையில் உட்காருகிறார்கள். ஆனால் 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் கிறிஸ்தவர் என்றவர்கள் 46.2 சதவீதமாக இறங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் தலைகீழ்: சாசனம் அரசையும் மதத்தையும் பிரித்தது, மதமோ நெடுங்காலம் செழித்தது. சமூகவியலாளர் ஹூசே கசனோவா 1994-இல் இந்தக் குழப்பத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: அரசும் மதமும் தனித்தனியாவது, நம்பிக்கையும் வழிபாடும் குறைவது, மதம் பொதுவெளியை விட்டு வீட்டுக்குள் போவது. மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சமூகத்துக்குள் வந்தாலும் ஒரே 'மதம்' கிடையாது. தன்னை எந்த மதத்தவர் என்று சொல்கிறார், கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ எத்தனை முறை போகிறார், எதை நம்புகிறார், இவை மூன்றும் தனிமனிதரிடம் அளக்கக்கூடியவை. நான்காவதாக ஒன்று உண்டு. அதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பள்ளி, மருத்துவமனை, சட்டம், வரி ஆகியவற்றில் மத நிறுவனத்துக்கு இருக்கும் பிடி. அயர்லாந்தின் தொடக்கப்பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது கத்தோலிக்க நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. ஞாயிறு திருப்பலிக்கு ஆள் குறைந்துபோன பிறகும் இது பெரிதாக மாறவில்லை. என்னைக் கேட்டால் நல்ல ஆய்வேடுகள் பிறப்பது இந்த நான்கில் ஒன்று சரிய இன்னொன்று அசையாமல் நிற்கும் இடத்தில்தான். முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

படி 2: தலைப்பைக் கேள்வியாக்குங்கள், நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

"ஐரோப்பாவில் மதமும் அரசியலும்" என்பது நூலக அலமாரிக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு. கேள்வி என்றால் அதற்குத் தவறான விடை ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நெதர்லாந்தில் மதக் கட்சிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றின. ஆபிரகாம் கைப்பர் தொடங்கிய புராட்டஸ்டன்ட் கட்சி 1879-ஆம் ஆண்டினது. கத்தோலிக்கருக்குத் தனிக் கட்சி, தனிப் பள்ளி, தனிச் செய்தித்தாள், தனித் தொழிற்சங்கம், தனி வானொலி. புராட்டஸ்டன்ட்களுக்கும் அப்படியே. 1917-இல் மதப் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிக்குச் சமமான நிதி என்று சாசனத்திலேயே ஏறியது. பிறகு 1960-களில் அந்தக் கட்டடம் ஆட்டம் கண்டது. கத்தோலிக்க மக்கள் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் 1963-இல் 50 இடங்கள், 1972-இல் 27. கத்தோலிக்கக் கட்சி ஒன்றும் புராட்டஸ்டன்ட் கட்சிகள் இரண்டும் வேறு வழியின்றி இணைந்து 1980-இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியான சிடிஏ ஆயின. 1994-இல் அதுவும் 54-லிருந்து 34-ஆகச் சரிந்தது. 1918-க்குப் பிறகு முதன்முறையாக மதக் கட்சி எதுவும் இல்லாத அமைச்சரவை அமைந்தது. அதே கூட்டணியின் இரண்டாவது அமைச்சரவைக் காலத்தில்தான், 2001-இல், ஒருபாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய முதல் நாடாக நெதர்லாந்து ஆனது.

அயர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மதக் கட்சி இருந்ததே இல்லை. ஃபியானா ஃபாயில், ஃபினா கேல் என்ற இரண்டு முக்கியக் கட்சிகளும் 1922-23 உள்நாட்டுப் போரின் வாரிசுகள். ஆனாலும் விவாகரத்து, கருத்தடை, கருக்கலைப்பு எல்லாவற்றிலும் சட்டம் திருச்சபை போதித்தபடியே இருந்தது. விவாகரத்துத் தடை 1995-இல் நீங்கியபோது ஆதரவு 50.28 சதவீதம்; வித்தியாசம் சுமார் 9,000 வாக்குகள்.

மதக் கட்சி இருந்த நாட்டில் திருச்சபையின் சட்டப் பிடி முன்னதாகத் தளர்ந்தது, கட்சியே இல்லாத நாட்டில் அது நீண்டது. ஏன்? இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் நெறியாளர் மறுக்க மாட்டார். அரசியல் அறிவியலாளர் அன்னா க்ரிமாவா-புஸ்ஸே 2015-இல் வைத்த வாதம் இதற்கு ஒரு விடை தருகிறது: கட்சியோடு கூட்டுச் சேர்ந்த திருச்சபை கட்சிச்சாயம் பூசிக்கொள்கிறது, தேசத்தின் குரலாகத் தன்னை நிறுத்திக்கொண்டு அமைச்சரகங்களுக்குள் நேரடியாக நுழையும் திருச்சபைதான் அதிகம் சாதிக்கிறது. அந்த விடை உங்கள் நாடுகளில் எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது நாடு ஒன்று சேர்ப்பதானால் அது விளக்கத்தைச் சோதிப்பதாக இருக்கட்டும். அயர்லாந்தின் சரிவுக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் திருச்சபையில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகள் பற்றிய விசாரணை அறிக்கைகளைச் சொல்வார்கள். 2009-இல் மட்டும் ரயன் அறிக்கை, மர்ஃபி அறிக்கை என்று இரண்டு வந்தன. கனடாவின் கியூபெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கத்தோலிக்கத் திருச்சபை 1960-களிலேயே சரிந்தது. அத்தகைய அறிக்கைகள் எதுவும் அப்போது வந்திருக்கவில்லை. ஆக, அறிக்கைகள் இல்லாமலும் சரிவு நடக்கும். அதே கியூபெக்கில் சட்டமன்றச் சுவரில் 1936-இல் மாட்டிய சிலுவை 2019-இல்தான் இறங்கியது. அதே ஆண்டு ஆசிரியர், காவலர் போன்றோர் பணியில் மத அடையாளம் அணியத் தடைச் சட்டமும் வந்தது. வழிபாடு சரிந்து அரை நூற்றாண்டு கழித்துச் சட்டம் இறுகியது, அதுவும் பெரும்பாலும் சிறுபான்மையினர் மீது.

படி 3: கோட்பாட்டில் மூழ்கிவிடாதீர்கள்

இந்தத் துறையில் படிப்பதற்கு முடிவே கிடையாது. நான்கு முகாம்களைத் தெரிந்துகொண்டால் தொடங்கலாம். வாழ்க்கைப் பாதுகாப்பு கூடும்போது மதத் தேவை குறைகிறது என்பது பிப்பா நோரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட் இருவரும் 2004-இல் வைத்த வாதம். போட்டி இல்லாத ஏகபோகத் திருச்சபை சோம்பிப்போகும் என்பது சந்தைக் கோட்பாடு; அமெரிக்காவுக்கு நன்றாகப் பொருந்தும், ஏகபோகத் திருச்சபை இருந்தும் மதம் செழித்த போலந்து முன்னால் திணறும். சமூகப் பிளவுகள் கட்சிகளாக உறைந்தன என்ற லிப்செட், ரொக்கான் சட்டகம் 1967-இல் வந்தது. நெதர்லாந்தைப் படிக்க அது இல்லாமல் முடியாது. நான்காவது, காரணத்தைத் திருப்பிப் போடுவது: அரசியல்தான் மதத்தைக் குறைக்கிறது. வலதுசாரி அரசியலோடு மதம் ஒட்டிக்கொண்டதால் அமெரிக்க மிதவாதிகளும் தாராளவாதிகளும் மதத்திலிருந்தே விலகினார்கள் என்று ஹவுட், ஃபிஷர் இருவரும் 2002-இல் வாதிட்டார்கள்.

இந்த நான்காவதை மறந்தால் உங்கள் புள்ளியியல் முழுதும் ஆட்டம் காணும். மதம் வாக்கைத் தீர்மானிக்கிறது என்று நீங்கள் புள்ளியியல் மாடல் கட்டுவீர்கள். வாக்குதான் மதத்தைத் தீர்மானித்தது என்று வைவாவில் ஒருவர் கேட்பார்.

படி 4: தரவு, அதற்கு முன் கேள்வித்தாள்

இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். ஐரோப்பிய சமூக ஆய்வு 2002 முதல் நடக்கிறது. பதிவு செய்தால் போதும், இறக்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய விழுமிய ஆய்வு 1981-லிருந்து உண்டு. சர்வதேச சமூக ஆய்வுத் திட்டம் மதத்துக்கென்றே 1991, 1998, 2008, 2018 ஆண்டுகளில் தனித் தொகுதி வெளியிட்டது. கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை வரிவரியாகக் குறியிட்ட மேனிஃபெஸ்டோ புராஜெக்ட் பெர்லினில் இருக்கிறது. அதில் மரபு ஒழுக்கத்துக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. பார்-இலான் பல்கலைக்கழகத்தின் மதமும் அரசும் தரவுத்தொகுப்பு, எந்த அரசு எந்த மதத்துக்கு என்ன சலுகை, என்ன தடை வைத்திருக்கிறது என்று 1990 முதல் பட்டியலிடுகிறது.

இறக்கியவுடன் ஆர், ஸ்டேட்டா என்று ஏதாவது புள்ளியியல் மென்பொருளைத் திறந்து ரிக்ரெஷன் ஓட்டும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். முதலில் கேள்வித்தாளை அச்செடுத்துப் படியுங்கள். அயர்லாந்தில் 2016 வரை கணக்கெடுப்பு "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டது. கட்டங்களில் முதலில் ரோமன் கத்தோலிக்கர், கடைசியில்தான் மதம் இல்லை. 2022-இல் கேள்வி மாறியது: உங்கள் தற்போதைய மதம் என்ன, ஏதேனும் இருந்தால். கட்டங்களின் வரிசையிலும் 'மதம் இல்லை' முதலிடத்துக்கு ஏறியது. கத்தோலிக்கர் 78.3-லிருந்து 69 சதவீதமாகக் குறைந்தார்கள். இதில் எவ்வளவு மனம் மாறியதால், எவ்வளவு கட்டம் இடம் மாறியதால் என்று இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பிரிக்க முடியாது. வேறொரு ஆய்வில், கேள்வி மாறாமல் தொடர்ந்து வந்த வரிசையில் ஒத்துப்பார்த்தால்தான் உண்டு. நல்லவேளையாக, ஐரோப்பிய சமூக ஆய்வு அயர்லாந்து, நெதர்லாந்து இரண்டிலும் நெடுகத் தொடர்ந்து வருகிறது.

"எந்த மதத்தையாவது சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?" என்று முதலில் ஆமா, இல்லையா என்று கேட்டுவிட்டுப் பிறகு எது என்று கேட்கும் சர்வேயில், மதம் இல்லை என்பவர்கள் பொதுவாகக் கூடுதலாக வருவார்கள். நேரே "உங்கள் மதம் என்ன?" என்றால் ஞானஸ்நானம் வாங்கிய நினைவில் ஒரு கட்டத்தை நிரப்பிவிடுவார்கள். பிரிட்டனில் கணக்கெடுப்பும் சமூக மனப்பான்மை ஆய்வும் பல ஆண்டுகளாக வேறுவேறு நாட்டைப் பற்றிப் பேசுவதுபோல் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வழிபாட்டுக்குப் போவதைப் பற்றி மக்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1993-இல் வெளியான ஆய்வு ஒன்று, தேவாலயங்களில் தலையை எண்ணிப் பார்த்தால் சர்வேயில் சொன்னதில் பாதிதான் தேறுகிறது என்று காட்டியது. நிர்வாகப் பதிவுகளும் தூய்மையானவை அல்ல. ஜெர்மனியில் திருச்சபை உறுப்பினர்கள் வருமான வரிக்கு மேல் அதில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரி கட்ட வேண்டும். விலகுவதென்றால் நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ போய் எழுதிக் கொடுக்க வேண்டும். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து மட்டும் 5,22,821 பேர் அப்படி விலகினார்கள். இது நம்பிக்கை போனதன் அளவா, வரி மிச்சத்தின் அளவா, கோபத்தின் அளவா? அயர்லாந்தில் எதிர்த்திசை: இடம் போதாத பள்ளிகளில் ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை என்ற நிலை 2018 வரை இருந்தது. பிள்ளைக்கு ஸ்கூல் சீட்டுக்காக ஞானஸ்நானம் கொடுத்த பெற்றோர் உண்டு. அட்மிஷனுக்காகப் பெற்றோர் எதுவரை போவார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஞானஸ்நான எண்ணிக்கையை நம்பிக்கையின் அளவாக எடுத்தவர் அங்கே ஏமாந்துபோவார். போலந்தின் 2021 கணக்கெடுப்பிலோ ஐந்தில் ஒருவர் மதக் கேள்விக்குப் பதில் சொல்லவே மறுத்தார். அந்த மறுப்பை விடுபட்ட தரவு என்று தள்ளிவிடாதீர்கள். அதையே தனிப் பிரிவாக வைத்துப் பாருங்கள்.

தீவிர வலதுசாரிக் கட்சிகளை ஆராய்கிறவர்களுக்கு ஒன்று. மேற்கு ஐரோப்பாவில் தவறாமல் தேவாலயம் போகிறவர்கள் பொதுவாக அந்தக் கட்சிகளுக்குப் பெரிதாக வாக்களிப்பதில்லை. அவர்களுக்கென்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள் இருக்கின்றன. கிறிஸ்தவப் பாரம்பரியம் என்று மேடையில் முழங்குவது வேறு, ஞாயிறு காலை எழுந்து போவது வேறு. அடையாளத்தையும் வழிபாட்டையும் ஒரே குறியீட்டெண்ணாகக் கூட்டிவிட்டால் இரண்டின் எதிரெதிர் விளைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியம் வரும். தனித்தனி மாறிகளாகப் போடுங்கள்.

சிறுபான்மையினர் பற்றி இந்தத் தேசிய சர்வேக்களை வைத்து எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாட்டுக்கு இரண்டாயிரம் பேர் மாதிரியில் இந்துக்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வருவார்கள். ஜெர்மனியின் ஹாம் நகரில் ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோவிலைப் பற்றி ஆராய்வதானால் களப்பணிதான் வழி. தேவாலயங்கள் காலியாகும் நாட்டில் புதிதாய் ஒரு கோபுரம் எழுவது நல்ல ஆய்வுப்பொருள், அது வேறொரு ஆய்வேடு.

படி 5: வயதா, தலைமுறையா, காலமா?

இளைஞர்களிடம் மதம் குறைவு என்று ஒரு சர்வே காட்டினால் இரண்டு அர்த்தம் எடுக்கலாம். வயதானால் திரும்பி வருவார்கள். அல்லது இந்தத் தலைமுறை திரும்பவே திரும்பாது. ஒரே ஓர் ஆண்டின் சர்வே இதைத் தீர்க்காது. இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே பிறப்புத் தலைமுறையைப் பின்தொடர்ந்து பாருங்கள்: 1970-களில் பிறந்தவர்கள் 2002-இல் எப்படி, 2022-இல் எப்படி. மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் தனிமனிதர் வாழ்நாளில் பெரிதாக மாறுவதில்லை. மதப்பற்றுள்ள முதியவர்கள் இறக்க, பற்றில்லாதவர்கள் அந்த இடத்துக்கு வர, நாடு மாறுகிறது. அயர்லாந்து இந்த இலக்கணத்துக்கு முழுக்க அடங்காத நாடு. அங்கே தலைமுறை மாற்றத்தோடு எல்லா வயதினரையும் சேர்த்து இழுத்த காலச் சரிவும் தெரிகிறது. வயது என்பது சர்வே நடந்த ஆண்டு கழித்தல் பிறந்த ஆண்டு என்பதால் மூன்றையும் ஒன்றாக ஒரே சமன்பாட்டில் போட முடியாது. எந்த ஒன்றைக் கட்டுப்படுத்தினீர்கள், ஏன் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

படி 6: ஆவணக் காப்பகம்

எண்கள் திருச்சபை எப்படிச் செல்வாக்குச் செலுத்தியது என்று காட்டாது. கடிதங்கள் காட்டும். 1951-இல் அயர்லாந்தின் சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன், தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஆயர்களும் எதிர்த்தார்கள். ஆயர்கள் தெருவில் இறங்கவில்லை, கட்சி தொடங்கவில்லை. பிரதமர் காஸ்டெல்லோவுக்குக் கடிதம் எழுதினார்கள். அமைச்சரவை பின்வாங்கியது. பதவி விலகிய பிரவுன், ஆயர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தைச் செய்தித்தாளுக்குக் கொடுத்துவிட்டார். நிறுவனப் பிடி என்று படி 1-இல் சொன்னேனே, அது வேலை செய்யும் விதத்தை இவ்வளவு பச்சையாகக் காட்டும் ஆவணம் அரிது.

1940 முதல் 1972 வரை டப்ளின் பேராயராக இருந்த ஜான் சார்லஸ் மெக்வெய்டின் தாள்கள் மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கின்றன. நெதர்லாந்துக்கு நைமேகனில் கத்தோலிக்க ஆவண மையமும், ஆம்ஸ்டர்டாமில் புராட்டஸ்டன்ட் வரலாற்று ஆவண மையமும் உண்டு. நாடாளுமன்ற விவாதங்கள் இரண்டு நாட்டிலும் இணையத்திலேயே கிடைக்கும். திருச்சபைக் காப்பகங்கள் பொது நூலகம் மாதிரி அல்ல. காப்பாளருக்கு முன்கூட்டியே, எந்த ஆண்டு, எந்தப் பொருள் என்று குறிப்பாக எழுதிக் கேளுங்கள். "எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்" என்றால் ஒன்றும் கிடைக்காது. டச்சு மொழியைப் படிக்கும் அளவுக்காவது கற்காமல் நெதர்லாந்தை எடுக்க வேண்டாம். மொழிபெயர்ப்புச் செயலி கட்சிப் பிரசுரத்துக்குக் கைகொடுக்கும், 1950-களின் ஆயர் கடிதத்துக்குக் காலை வாரிவிடும்.

படி 7: நேர்காணலும் அனுமதியும்

மத நம்பிக்கையும் அரசியல் கருத்தும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 9-ஆவது பிரிவில் தனிக் கவனம் தேவைப்படும் தரவுகள். உங்கள் ஆய்வேடு இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. ஆகவே எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தைக் களத்துக்குக் கிளம்பும் மாதத்தில் எழுதத் தொடங்கினால் தாமதம் நிச்சயம். ஒப்புதல் படிவம், ஒலிப்பதிவை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள், பெயரை எப்படி மறைப்பீர்கள், எல்லாம் முன்பே முடிவாக வேண்டும். சிறிய ஊரின் ஒரே பங்குத்தந்தையை "பங்குத்தந்தை 1" என்று எழுதினால் பெயர் மறைந்துவிடாது.

அரசியல்வாதிகளிடம் "உங்கள் முடிவில் மதம் செல்வாக்குச் செலுத்தியதா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். அந்த மசோதா வாரத்தில் யார் யார் தொலைபேசியில் அழைத்தார்கள், எந்தக் கடிதம் முதலில் வந்தது, கட்சிக் கூட்டத்தில் யார் எழுந்து பேசினார்கள் என்று கேளுங்கள். அப்புறம் பேச்சு வரும். உங்களிடமும் "நீங்கள் என்ன மதம்?" என்று கேட்பார்கள். சுருக்கமாக, உண்மையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 8: எழுத்து, காலக்கெடு, வெளியீடு

இந்தியப் பல்கலைக்கழகம் என்றால் யுஜிசி 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. கோர்ஸ் வொர்க் நடக்கும்போதே தரவைத் திறந்து ஒரே ஓர் அட்டவணையாவது போட்டுவிடுங்கள். முன்னாய்வு அத்தியாயம் முடியட்டும் என்று காத்திருந்தால் அது முடியாது. சர்வே அத்தியாயத்தை முதலிலும், காப்பக அத்தியாயத்தை அடுத்தும், கோட்பாட்டைக் கடைசியிலும் எழுதுவது எனக்குத் தெரிந்தவரை வேகமான வரிசை.

நடப்பு அரசியல் உங்கள் முடிவுரையைக் கலைக்கும். சிடிஏ 2023 தேர்தலில் 5 இடங்களுக்கு வந்தபோது கட்சி முடிந்தது என்று பலரும் எழுதினார்கள்; 2025 அக்டோபரில் அது 18 இடங்களோடு திரும்பியது. நாட்டில் மதம் மீண்டுவிட்டதா என்றால் அதற்கான அறிகுறி இல்லை. அதனால் முன்மொழிவிலேயே ஆய்வுக்காலத்துக்கு ஒரு முடிவாண்டு குறித்துவிடுங்கள், அதற்குப் பின் நடப்பதை ஒரு பின்குறிப்பில் பேசலாம்.

எண்கள் சார்ந்த அத்தியாயம் 'பாலிடிக்ஸ் அண்ட் ரிலிஜன்' இதழுக்கோ 'ஜர்னல் ஃபார் தி சயின்டிஃபிக் ஸ்டடி ஆஃப் ரிலிஜன்' இதழுக்கோ பொருந்தும். காப்பகமும் நேர்காணலும் சார்ந்ததை 'ரிலிஜன், ஸ்டேட் அண்ட் சொசைட்டி' இதழுக்கு அனுப்பிப் பாருங்கள். அனுப்பும் முன் தரவுக் கோப்பையும் கணினி நிரலையும் சுத்தம் செய்து வையுங்கள், மதிப்பீட்டாளர் கேட்டால் அன்றே கொடுக்கும்படி.